சிந்து கேட்ட கேள்வி

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே ஹபீபா சமூக அறிவியல் ஆசிரியை. லப்பைக்குடிக்காட்டுப் பெண். பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு, அரியலூரில் பஸ் மாறி தினமும் வந்துபோனாள்.

அன்று ஒன்பதாம் வகுப்பில் சமணம், பௌத்தம், ஆசீவகம் என்று நடத்திக்கொண்டிருந்தாள். நடப்பதெல்லாம் முன்பே தீர்மானமானது என்று ஆசீவகர்கள் நம்பினார்கள் என்றதும் சிந்து எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"அப்ப சாமிகிட்ட வேண்டிக்கிறது எதுக்கு டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. ஹபீபா சிரிக்கவில்லை. வேண்டுவதால் எதுவும் மாறாது என்று ஆசீவகர்கள் சொல்வார்கள், மாறும் என்று பக்தர்கள் சொல்வார்கள், எது சரியென்று நீயே யோசித்துப் பார் என்றாள். சிந்துவின் தம்பி போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனது ஹபீபாவுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு முதல் திதி. சிந்து சாமி கும்பிட மறுத்தாள். அப்பா கையை ஓங்கியபோது, டீச்சர் யோசிக்கச் சொன்னாங்க என்றாள்.

மறுநாள் சிந்துவின் அப்பா வேணுகோபால் தன் மனைவி தனத்தையும் ஊர்க்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். நிலபுலன் உள்ளவர், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தலைமையாசிரியர் முத்தமிழ்செல்வன் நாற்காலியைக் காட்டினார். வேணுகோபால் உட்காரவில்லை. ஹபீபா வந்ததும், சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவன் சாமியைக் கெடுக்கிறாயா என்று ஒருமையில் ஆரம்பித்தார். இவங்க ஆளுங்க திட்டம் போட்டுத்தான் செய்வாங்க என்றது பின்னாலிருந்து ஒரு குரல். முத்தமிழ்செல்வன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எல்லாம் பாடத்தில் இருப்பதுதான் என்று ஹபீபா புத்தகத்தை விரித்துக் காட்டினாள். வேணுகோபால் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒங்க மதத்துல இப்படி ஒரு கேள்வி கேக்க வுடுவீங்களா?"

ஹபீபா விரித்த புத்தகத்தைக் கீழே இறக்கினாள்.

"விடமாட்டாங்க. சின்ன வயசுல நான் கேட்டதுக்கு எங்க அத்தா அறைஞ்சாரு. வூட்டுல கேக்க முடியாதத பள்ளிக்கூடத்துலயாவது கேக்கட்டுமே சார்."

"கணக்கு சொல்லிக்குடு, சயின்ஸ் சொல்லிக்குடு. சாமி எங்க வூட்டு சமாச்சாரம்."

கதவோரம் நின்ற தனம் அப்போதுதான் பேசினாள்.

"டீச்சரால அவ கேக்கல. பயலுக்காகத் திருமழபாடி கோயில்ல நான் ஈரத்துணியோட சுத்தி வந்தப்ப அவளும் கூட வந்தா. அவன் போனப்புறம் இதையேதான் என்கிட்டயும் கேட்டா. எனக்குப் பதில் தெரியல."

வேணுகோபால் மனைவியை முறைத்தார். இவ்வளவு கோபத்துக்குத் தான் மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று ஹபீபாவுக்குத் தோன்றியது. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"எம் புள்ளையப் பத்தி நீ பேசக் கூடாது" என்றார் அவர்.

அன்று மதியமே சிந்துவுக்கு டி.சி. வாங்கி, அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார். தனம் அழவுமில்லை, அவரைத் தடுக்கவுமில்லை. கிளம்பும்போது சிந்து வகுப்பறைப் பக்கம் திரும்பினாள். அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மிச்சப் பாடத்தைப் பிள்ளைகளே படித்துக்கொள்ளட்டும், மேலே மனு போனால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார் முத்தமிழ்செல்வன். நான் நடத்தத்தான் போகிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஹபீபா வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாடப் புத்தகத்தில் பௌத்தம் இருந்த பக்கத்தைப் புரட்டினாள்.

மறுநாள் பௌத்தம் நடத்தி முடித்து, சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னாள். ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் சுவாதி என்ற பெண் பெஞ்சைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு வூட்டுல சொல்லியிருக்காங்க டீச்சர்."

ஹபீபா புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள்.

"சரி. அப்ப நான் கேக்கறேன்" என்றாள்.