படுத்து வந்த சிலிண்டர்

அன்புக்கரசிக்கு அன்று காலையில் சோறு இறங்கவில்லை. சரவணம்பட்டிக் கல்லூரியில் அவள் ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் லேசர் இரவல் சரக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள், நேற்றுத் திரையில் எழும்பிய கோடு நிஜம் என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அசிட்டிலீன் வாயுவை வெற்றிடத்துக்குள் பீய்ச்சி மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த கார்பன் துண்டுகள் சங்கிலியாகக் கைகோக்கும். எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் ரகம் என்பதால், கண் இமைக்கும் நேரம்கூட உயிர் தரிக்காது. அதற்குள் லேசரைப் பாய்ச்சி, எந்த நிறத்தை விழுங்குகிறது என்று பார்த்து ஆளைப் பிடிக்க வேண்டும். விழுங்கிய நிறம் திரையில் கோடாக எழும்பும். நேற்று வந்த கோடு எந்தப் பட்டியலிலும் இல்லாதது, இதுவரை யாரும் காணாத புதுச் சங்கிலி.

இன்று மத்தியானம் வரை அதைக் காணோம்.

"எல்லாம் நேத்து மாதிரியேதானுங்க சார் வெச்சிருக்கேன்" என்றாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் எபினேசர் சிலிண்டரைச் சுற்றி வந்தார். "இது எப்படி வந்துச்சு அம்மணி?"

"லேப் சிலிண்டர் தீந்துபோச்சுங்க. நேத்து அன்னூர் வெல்டிங் பட்டறையில வாங்கி, ஆம்னி வேன்ல படுக்க வெச்சுக் கொண்டாந்தமுங்க. வந்ததும் மாட்டிப்போட்டனுங்க."

எபினேசர் தலையில் கை வைத்துக்கொண்டார். அசிட்டிலீன் சிலிண்டருக்குள் வாயுவைக் கரைத்து வைக்க அசிட்டோன் திரவம் இருக்கும். படுக்கப் போட்டால் அதுவும் வாயுவோடு வெளியே வரும். நிமிர்த்தி வைத்து, அது அடங்கிய பிறகே திறக்க வேண்டும். வெல்டிங் வைக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்குத்தான் தெரியவில்லை.

"ராத்திரியெல்லாம் நின்னதுல இன்னைக்கு அடங்கிப்போச்சு. நாம பாத்தது ஒடைஞ்ச அசிட்டோன்தான் அம்மணி. உட்டுரு."

அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அசிட்டோனை மட்டும் ஆவியாக்கி உள்ளே விட்டு மின்சாரம் பாய்ச்சினாள். கோடு வரவில்லை. அசிட்டிலீன் மட்டும் என்றாலும் வரவில்லை. சட்டென்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சார்! நேத்து ரெண்டும் கலந்தில்லீங்க உள்ள போச்சு! ரெண்டும் சேந்தாத்தானுங்க வரும்! அசிட்டோன்ல ஆக்சிஜன் இருக்குதுங்களே, அது போய்ச் சங்கிலி வால்ல ஒட்டிக்கிச்சுங்க!"

எபினேசர் தாமே போய்க் குழாயைத் திருகினார். இரண்டும் கலந்து உள்ளே போக, திரையில் கோடு விறுவிறுவென்று நிமிர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தினாள், செத்தது. போட்டாள், எழுந்தது. பத்து முறை செய்தும் ஆசை தீரவில்லை. அவர் சின்னப் பிள்ளை கணக்காகக் கை தட்டினார்.

வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டியபோது அத்தனை அளவுகளும் பதிவாகியிருந்தன. லேசரை அன்புக்கரசியே நிறுத்திக் கழற்றி, "பாத்துக் கொண்டு போங்க அண்ணா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்பினாள்.