எட்டரைத் துரும்பு

"தலையப் புடிடி, தலைய!" என்று பிலோமி கத்தினாள்.

சலேத்து மாமியாரின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ருக்குமணி காலைத் தூக்க, மூன்று பேருமாகப் பிரகாசியம்மாளைப் பாயிலிருந்து பெஞ்சுக்கு மாற்றினார்கள். உயிர் போய் இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சலேத்தின் புருஷன் மிக்கேல் வில்லியனூருக்குச் சைக்கிளில் போயிருந்தான். பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பலகை இன்னும் தொங்கும் கொம்யூன் ஆபீசில் சாவைப் பதிய வேண்டும்.

சலேத்துக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

டிசம்பர் ஒன்றாம் தேதி, ஆகமன காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிரகாசியம்மாள் வாசலிலேயே விழுந்தாள். வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. அன்றிலிருந்து கழுவுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, இரண்டு மாடு, ஒரு காணி நிலம் எல்லாம் சலேத்துதான். மகள் பிலோமி அரியூரிலிருந்து இன்று காலையில்தான் வந்தாள்.

"அம்மா கட்டு எங்கடி?" என்றாள் பிலோமி.

அந்தத் தெருவில் கிறிஸ்துமசுக்கு முந்தின நாலு வாரமும் மாதாவுக்கு ஒரு ஜெபமாலை சொன்னால், ஒரு வைக்கோல் துரும்பு எடுத்துக் கட்டாகச் சேர்த்து வைப்பார்கள். பிள்ளை பெறப்போகிறவளுக்கு ஒத்தாசை. இருபத்துநாலாம் தேதி கோயில் குடிலுக்கு அந்தக் கட்டைக் கொண்டுபோய்க் குழந்தைக்கு மெத்தையாகப் போடுவார்கள். பிரகாசியம்மாளின் கட்டு வருஷாவருஷம் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிற அளவு இருக்கும்.

இந்த வருஷம் அவள் இடக்கையால் ஆணியில் தொங்கிய ஜெபமாலையைக் காட்டினாள். பிறகு மருமகளைக் காட்டினாள். நாளுக்கு ஒன்று. சலேத்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் சொன்னாள். எட்டாம் நாள் மாதா திருநாளன்றும் சொன்னாள். அதற்கப்புறம் உடம்பு கேட்கவில்லை. "பால் கறக்கும்போதே சொல்லிட்டேன் அத்தே" என்று துரும்பைக் கட்டுக்குள் செருகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். கிழவி ஒரு நிமிஷம் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள்.

பாயின் தலைமாட்டில், மாதா படத்துக்குக் கீழே இருந்த கட்டைப் பிலோமி எடுத்தாள்.

"இன்னாடி இது? இருவத்திரெண்டு நாளா எங்கம்மா கெடந்த கெடைக்கு இவ்ளோதானா? எட்டு இருக்குது. இன்னொண்ணு பாதியா ஒடஞ்சி வேற கெடக்குது."

சலேத்து விழித்தாள். அவள் செருகியது இருபத்திரண்டு.

"கோழி இழுத்திருக்கும்" என்றாள் ருக்குமணி.

"இத்த குடிலுக்கு எடுத்தும்போனா சிரிப்பாங்க. அம்மா தலைக்கே வச்சி அனுப்பிடலாம். மாதாகிட்ட காட்டட்டும்."

சலேத்து அந்தத் துரும்புகளையே பார்த்தாள். கட்டுக்குள் இருப்பது எது, சொன்னதா, சொல்லாததா? பொய்த் துரும்பு ஒன்று அந்தத் தலைக்குக் கீழே மண்ணுக்குப் போனால், அப்புறம் யாரால் எடுக்க முடியும்?

"வாணாம் அண்ணி."

"ஏன் வாணாம்?"



"வுடும்மா, பெத்த பொண்ணு ஆசப்படுது" என்றாள் ருக்குமணி.

பிலோமி தாயின் தலையைத் தூக்கிக் கட்டை வைத்தாள். "நின்னுனு இருக்காத. அந்தப் பாயச் சுருட்டி வெளிய போடு."

சலேத்து குனிந்து பாயைத் தூக்கினாள். இடப்பக்கத்து ஓரத்துக்குக் கீழே, தரையோடு தரையாக நசுங்கி, வைக்கோல் துரும்புகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பதிமூன்று. அப்புறம் ஒரு பாதி.

பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். ஒரு நாள், திருநாள் கழிந்த வாரம், ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாவது பத்தின் நடுவில் தூங்கி விழுந்திருந்தாள். விழித்தபோது மாடு கத்திக்கொண்டிருந்தது. மீதியைச் சொல்லாமலே முழுத் துரும்பாகச் செருகிவிட்டு ஓடினாள்.

உருவி எடுக்கக் கிழவிக்கு இருந்தது ஒரே ஒரு கை. அதுவும் இடது கை.

"இன்னாடி பொறுக்கினு இருக்க?"

"வைக்கோலு அண்ணி." இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிலோமி ஜெபமாலையைத் தாயின் விரல்களில் சுற்றத் தொடங்கியிருந்தாள். சலேத்து கையை நீட்டினாள்.

"அத்த கொஞ்சம் குடு அண்ணி."

"எதுக்கு? சனம் வந்து எல்லாரும் ஒண்ணாச் சொல்லத்தான போறோம்?"

"எனக்குப் பாதி பாக்கி இருக்குது. சொல்லிட்டுத் தந்துடறேன்."

பிலோமி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்த இடத்தைப் பார்த்தாள். ஜெபமாலையைக் கொடுத்தாள்.

சலேத்து பெஞ்சின் காலடியில் உட்கார்ந்து, மூன்றாவது பத்தின் நடுவிலிருந்து வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு தடவை தலை சாய்ந்தது. இரண்டு தடவையும் உதட்டைக் கடித்து நிமிர்ந்தாள். மாலையின் கடைசி மணி வந்தபோது வாசலில் மிக்கேலின் சைக்கிள் சத்தம் கேட்டது.

ஜெபமாலையைத் திருப்பிக் கொடுத்தாள். தலையைச் சரிசெய்வது போல மாமியாரின் கழுத்துக்குக் கீழே கையை விட்டு, பாதித் துரும்பை அதன் மறுபாதியோடு சேர்த்துவைத்தாள்.

இன்னும் சொல்லாத பதிமூன்றும் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தன. கிறிஸ்துமசுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.