பூக்க விட்ட பாத்தி

கிழக்கு வெளுத்து, கூரைகளின்மேல் இளம்பொன் ஒளி படரும் வேளையில், சந்தை வாயிலிலிருந்து ஒருவர் வெளிநோக்கி நடப்பாரானால், நிலம் தன் தொழிலை மாற்றிக்கொண்டே செல்வதைக் காண்பார். முதலில், ஈரம் உலராத கீரைப் பாத்திகளும் கறவை மாட்டுக் கொட்டில்களும், தாயின் இடுப்பை விட்டிறங்காத குழந்தைகளைப்போல் நகரை ஒட்டிக் கிடக்கும். அவற்றைக் கடந்தால் விறகு மரத் தோப்புகள். அப்பால், காற்றுக்கு அலையெனச் சாயும் தானிய வயல்கள். கடைசியில், வானம் வந்து குனியும் இடத்தில், ஆடுகள் மேயும் அகன்ற வெளி. மண் ஒன்றேதான், சந்தைக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவே இப்படி வேறுவேறு பயிராய் முளைத்து நிற்கிறது.

நாற்பது ஆண்டுகள் சந்தையருகே குத்தகை நிலத்தில் கீரை விளைத்த பெரியவர் ஒருவர் இதை அறிந்திருக்கவில்லை. வாசற்படியிலேயே இருப்பவர் வீட்டின் நீளத்தை அளந்து பார்ப்பதில்லை அல்லவா? அந்நிலம் வீட்டுமனைகளாய்க் கூறுபட்டபோது, மனைவியை முன்னரே இழந்திருந்த அவர், ஓர் அரிவாளும் ஒரு பூவாளியுமாய், தானிய வயல்களின் கடைக்கோடியில் வாழ்ந்த மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உழைக்காமல் உண்ண அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒருமுறை பரிமாறியதும் கையால் தட்டை மறைத்துக்கொள்வார். மகள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்தக் கை விலகாது.

அதனால்தான், கிணற்றையொட்டிய சிறு துண்டு நிலத்தை அவர் கேட்டபோது, இவ்வூரில் எவரும் ஏன் கீரை போடுவதில்லை என்பதைச் சொல்ல மருமகனுக்கு நாவெழவில்லை. ஓய்ந்து கிடந்த அம்மண்ணில் கீரை பொங்கி எழுந்தது. இது கீரையா மரமா என்று மருமகன் கேலி செய்ய, பெரியவர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

விடியலில் அறுத்து, ஈரச் சாக்கில் பொதிந்து, தானியம் ஏற்றும் சுமையுந்தில் தாமும் ஏறிச் சென்றார். வழியெங்கும் மூட்டைகளுக்காக நின்று நின்று அது சந்தையை அடைந்தபோது உச்சிப்பொழுது. சாக்கைப் பிரித்ததும் ஆவி முகத்தில் அடித்தது. இலைகள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆண்டுக்கணக்கில் அவரிடம் வாங்கிய கடைக்காரப் பெண் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது உங்க கையால கட்டின கட்டுன்னு தெரியுதுண்ணே. ஆனா இதை நான் எப்படி விக்கிறது?"

அத்தனையையும் சந்தை மாடுகளுக்கு இட்டுவிட்டுத் திரும்பியவர், அதன்பின் கிணற்றுப் பக்கமே போகவில்லை. அறுக்காமல் நின்ற இரண்டு பாத்திகளை உழுதுவிட மருமகன் கிளம்பியபோது, மகள் வழிமறித்தாள்.

"அப்பா வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் தொடாதீங்க."

அப்பனுக்கும் மகளுக்கும் பிடிவாதம் ஒரே அச்சு என்று முணுமுணுத்தபடி அவன் திரும்பிப் போனான்.

இரு திங்கள் கழிந்தன. ஒரு காலையில் மகள் தந்தையின் கையைப் பற்றி அந்தப் பாத்திகளுக்கு அழைத்துச் சென்றாள். நெஞ்சுயரம் வளர்ந்து, செங்கதிர் தாங்கி, தேனீக்கள் மொய்க்க நின்றது கீரை. வேரோடிய நாள்முதல் அரிவாளுக்கே வளர்ந்த தம் கீரை பூத்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. சந்தையருகில் எந்தப் பாத்திக்கும் அத்தனை நாள் நிற்க இடம் கிடைத்ததில்லை. முற்றிய கதிர் ஒன்றைக் கசக்கினார். கடுகினும் சிறியதாய், கரிய மணிகளாய் விதைகள் உள்ளங்கையில் மின்னின.

"இதைத்தானேம்மா நான் வருஷம் பூரா கடையில வாங்குவேன்."

"எங்கேருந்து வருதுன்னு கேட்டதே இல்லையாப்பா?"

"தூரத்துலேருந்து வருதுன்னுவாங்க. அந்தத் தூரம் இதுதான் போல."

அன்றே கதிர்களைக் கொய்து துணியில் உலர்த்தத் தொடங்கினார். வரப்பில் வந்து நின்ற மருமகனை நிமிர்ந்து பார்த்து, "இது வாடாது மாப்பிள்ளை. எத்தனை நாளானாலும் போய்ச் சேரும்," என்றார். அவனும் குனிந்து ஒரு கதிரைக் கொய்தான்.

அன்று உணவின்போது மகள் அகப்பையை நீட்டினாள். தட்டை மறைக்கும் அந்தக் கை எழவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

எங்கோ நகரை ஒட்டிய ஈரப் பாத்தியில், இந்த விதையை இன்று ஒருவர் தூவிக்கொண்டிருக்கலாம். அது எவ்வளவு தொலைவு கடந்து வந்ததென்று தூவுபவர் கேட்கமாட்டார். இருபத்தைந்தாம் நாள் அரிவாளோடு வருவார். பூப்பதற்குரிய பொழுதை, யாரும் அறுக்க விரைந்து வாராத நிலமே பயிருக்குத் தருகிறது.