நூல் அறையின் சாவி

உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் போகும் சாலையோரக் கம்பளப் பட்டறையில் அன்று காலை பத்து மணிக்கே தறிகள் நின்றன.

"மேடம் பஸ் ஸ்டாண்டாண்ட வந்துட்டாங்களாம். பசங்கள நூல் ரூமுக்குள்ள அனுப்புங்க," என்றார் முதலாளி புருஷோத்தமன்.

ஆறு பிள்ளைகள் எழுந்தார்கள். அவர்களில் செவ்வந்தியின் மகள் நிஷாவும் ஒருத்தி. வயது பதினொன்று. கட்டட வேலையில் விழுந்து கணவன் படுக்கையானதும், ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்தி, முடிச்சுப் போடத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள் செவ்வந்தி.

புருஷோத்தமன் அறையைப் பூட்டிச் சாவியைச் செவ்வந்தியிடம் நீட்டினார்.

"சாவி என்னாண்ட இருந்தா தொறக்கச் சொல்லிக் கேப்பாங்க. நீ வச்சிக்க. லேபிள் வரலன்னா வெளிநாட்டு ஆர்டர் போயிடும். நாப்பது வூட்ல அடுப்பு எரியாது. பாத்துப் பேசு."

சற்று நேரத்தில் சாய்ரா வந்தாள். பிள்ளைகளை வேலைக்கு வைக்காத பட்டறைகளின் கம்பளங்களுக்கு லேபிள் என்ற முத்திரை கொடுக்கும் அமைப்பைச் சேர்ந்தவள். தறி தறியாகப் பார்த்துவந்து செவ்வந்தியிடம் நின்றாள்.

"உங்களுக்கு எத்தினி பசங்கம்மா?"

"ஒரே பொண்ணு மேடம்."

"இன்னா படிக்கிறா?"

"ஆறாவது," என்றாள் செவ்வந்தி. முந்தானையில் முடிந்திருந்த சாவி இடுப்பில் உறுத்தியது.

நூல் அறைக்குள் இருமல் கேட்டது. கம்பளித் தூசி ஏறினால் நிஷாவுக்கு மூச்சு இழுக்கும். புருஷோத்தமன் முறைத்தார். பக்கத்துத் தறிச் சிட்டம்மாள் செவ்வந்தியின் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் மகனும் உள்ளேதான் இருந்தான்.

இருமல் சட்டென்று நின்றுபோனது. அதைத்தான் செவ்வந்தியால் தாங்க முடியவில்லை. கையை உதறிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தாள்.

நிஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான் சத்தம் போடலம்மா," என்றாள்.

சாய்ராவின் வண்டியிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகள் பிழைத்தாள். பட்டறைக்கு முத்திரை கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, பெரியவர்களுக்குச் சரியான கூலி கொடுத்தால்தான் மறுபடி வருவேன் என்று சாய்ரா எழுதிக் கொடுத்துவிட்டாள். புருஷோத்தமன் பட்டறையையே இழுத்து மூடிவிட்டார்.

ஒரு வாரம் யாரும் செவ்வந்தியோடு பேசவில்லை. எட்டாம் நாள், நிஷாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பியவளைச் சிட்டம்மாள் மறித்தாள்.

"உன்னால எங்க பொழப்பு போச்சுடி."

"எனக்குந்தான் போச்சு. வூட்ல அரிசி இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் சிட்டம்மா. புள்ளைங்கள உள்ள வச்சிப் பூட்டுனது மொதலாளி மட்டும் இல்ல, நாமளுந்தான். பெத்தவங்க பொய் சொல்லிக்கினு கீற வரைக்கும் எந்த லேபிளும் எந்தப் புள்ளையையும் காப்பாத்தாது."

சிட்டம்மாள் வழியை விட்டு விலகி, அவளோடு சேர்ந்து நடந்தாள்.

"எம் பையன ஸ்கூல்ல சேக்குறதுக்கு ஆதார் கேக்குறாங்களா?" என்றாள்.