இல்லை என்று சொல்லாத கடை

சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடைக்குள் 'இல்லை' என்ற சொல் நுழையக்கூடாது. அவருடைய அப்பா போட்டுவைத்த சட்டம். கேட்ட சரக்கு தீர்ந்துபோயிருந்தால் 'சாயங்காலம் வரும்' என்பார்கள். சில்லறை காலியென்றால் 'நெறஞ்சிருக்கு' என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் லட்சுமி கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவாளாம்.

பின்கட்டில் பாகு கிண்டும் ஜெயஷீலா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை. ஆனாலும் லட்சுமிக்கு அவளும் பயந்துதான் நடந்தாள். அவள் ஆசையெல்லாம் முன்கட்டில், ஃபேனுக்கு நேர்கீழே கிடக்கிற நாற்காலி மேல். வெளியூர் வியாபாரிகளிடம் இங்கிலீஷில் பேசுகிற ஆளுக்கு அது என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். முழங்கை வரை பாகு தெறித்த தழும்பு உள்ளவளுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

பாடம் நடத்த மந்திரமூர்த்தி சார் வந்தார். அவரிடமும் சட்டம் சொல்லப்பட்டது. சார் 'நோ'வைக் கழித்துக்கட்டிவிட்டு, 'ஆஃப் கோர்ஸ்', 'வித்தவுட் டவுட்', 'அட் எனி டைம்' எல்லாம் எங்கெங்கே சொல்லவேண்டும் என்று பழக்கினார். "மொட்டையா 'எஸ்'னு நிறுத்துனா வெறுங்கழுத்து மாதிரி இருக்கும்மா. இதுகதான் நகை."

மும்பையிலிருந்து மொத்த வியாபாரி வந்தார். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே, மழைக்காலத்தில் இது நமத்துப்போகுமா என்று இங்கிலீஷில் கேட்டார். ஜெயஷீலாவுக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது. நமத்துப்போகும் என்பதும் தெரியும். வியாபாரியின் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி போகாது, போகாது என்று கையை ஆட்டினார். ஆனால் அவள் வாயில் இருந்ததெல்லாம் நகைதானே.

"ஆஃப் கோர்ஸ்" என்றாள்.

லாரியில் போனால் உடையுமா? "வித்தவுட் டவுட்." உடைந்ததை மாற்றித் தருவீர்களா? "அட் எனி டைம், சார்."

இவ்வளவு உண்மையை ஒரே கடையில் கேட்டதில்லை என்று வியாபாரி மனசாரப் பாராட்டினார். மழை கழிந்து பார்க்கலாம் என்று காரேறிவிட்டார்.

அண்ணாச்சி கடலைமூட்டை மேல் சாய்ந்தார். "ஏட்டி, அந்த ஒரு வார்த்தையச் சொல்லித் தொலைச்சா என்னட்டி?"

"கடைக்குள்ள வச்சா, அண்ணாச்சி?"

ஓரமாக நின்று கேட்டிருந்த மந்திரமூர்த்தி சார் மட்டும், மூன்றும் சரியான இடத்தில் விழுந்தன என்று மெச்சிக்கொண்டிருந்தார்.

ஜெயஷீலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட்காமல் போனால் மறுபடியும் அடுப்புதான். "அப்போ அந்த நாற்காலி எனக்கு உண்டா, அண்ணாச்சி?"

அண்ணாச்சி நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கல்லாவுக்கு மேலே ஊதுபத்திப் புகைக்குள் அப்பா படமாக இருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஃப் கோர்ஸ்" என்றார்.