கதவுகள் போட்ட பாலம்

மூன்று வருடமாக வெளிநாட்டுக்காரன் கண்ணில் படட்டும் என்று ஓட்டையாகவே விட்டுவைத்திருந்த பாலத்தை, நாளைக் காலையில் வெளிநாட்டுக்காரன் வருகிறான் என்று சேதி வந்த அன்று சாயங்காலமே குர்பார்த் ஊர்க்காரர்கள் சரிசெய்துவிட்டார்கள். இதில் என்ன புத்திசாலித்தனம் என்று கேட்டால் ஊர்த்தலைவர் ப்ரெங்குக்கே பதில் தெரியாது. விருந்தாளி கால் இடறிக்கொண்டு ஊருக்குள் வரக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

அந்த வருடங்களில் அல்பேனியாவுக்கு உதவி செய்யாத நாடு ஏதாவது இருந்ததா என்பது சந்தேகம். ஒரு நாடு கோதுமை அனுப்பியது. இன்னொன்று போலீஸ்காரர்களுக்குச் சட்டை அனுப்பியது. மூன்றாவது நாடு நிபுணர்களை அனுப்பி, முதல் இரண்டும் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தது. இதெல்லாம் தலைநகர் திரானாவில். வடக்கு மலையில் இருக்கும் குர்பார்த்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வாக்குறுதிதான். பாலத்தைத் தொடாதீர்கள், வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார், நிலைமை மோசமாக இருந்தால்தான் பணம் கிடைக்கும் என்று வட்டார அலுவலகத்தில் சொன்னார்கள். ஊரும் தொடவில்லை.

ஆற்றுக்கு மேலே இரண்டு இரும்புக் கம்பிவடம், நடுவே குறுக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் இருந்த பலகைகள் வருடத்துக்குக் கொஞ்சமாக வெள்ளத்தில் போய்விட்டன. கோடையில் ஆற்றில் இறங்கி நடக்கலாம். பனிக்காலத்தில் இறங்கினால் ஆள் மிஞ்சமாட்டான். போன பிப்ரவரியில் பக்கத்து வீட்டு நிகோலின் மனைவிக்கு வலி எடுத்தது. படுக்கையோடு தூக்கிக்கொண்டு கரை வரைக்கும் போனார்கள். வெறும் கட்டைகளின் மேல் படுக்கையைத் தூக்கிக்கொண்டு யாராலும் கால் வைக்க முடியவில்லை. அவள் பிழைத்தாள், குழந்தை கரையிலேயே போய்விட்டது. வருகிற பிப்ரவரியில் ப்ரெங்கின் மருமகள் லீஸாவுக்குப் பிரசவ நாள். மகன் கிரீஸில் கட்டட வேலையில் இருக்கிறான். ஆகவே தூதரகத்து ஆள் வருகிறார் என்றதும் ப்ரெங் அன்று முழுக்க இந்த ஒரு கவலையைத்தான் மென்றுகொண்டிருந்தார். இந்தப் பாலத்தை இந்த முறை வாங்கியே ஆகவேண்டும்.

ஆனால் சாயங்காலம் அவரே கரையில் நின்று கட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதுலயா வரச் சொல்றது?" என்றார்.

"மோசமா இருந்தாத்தானே காசுன்னாங்க?" என்றான் நிகோல்.

"விருந்தாளிடா. நம்ம ஊருக்குச் சாப்பிட வர்றவன் ஆத்துல விழுந்தா, ஏழு ஊரு நம்ம மூஞ்சில துப்பும்."

பலகை அறுக்கும் மில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கீழே, அதுவும் கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. விடிவதற்குள் பலகைக்கு எங்கே போவது? ஊரில் இருந்த அகலமான பலகை என்றால் வீட்டுக் கதவுகள்தான். யார் முதலில் சொன்னது என்று பிறகு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டுவதற்குள் ஊரிலுள்ள கதவெல்லாம் கீலைவிட்டு வந்து பாலத்தில் வரிசையாகப் படுத்தன. மேலே வைக்கோல் தூவினார்கள். வாசல்களில் நல்ல கம்பளமாகப் பார்த்துத் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜீப்பை அக்கரையில் நிறுத்திவிட்டு இருவர் நடந்து வந்தார்கள். ஒருவர் ஹால்வர், வட ஐரோப்பிய நாடு ஒன்றின் தூதரகத்தில் உதவிப் பணத்தைப் பார்த்துக்கொள்பவர். நெட்டையான, சாதுவான மனிதர். கூட வந்தவள் எட்லிரா, திரானாவில் வெளியுறவு அமைச்சகத்துக்காரி. அவர் பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதை அவருக்கும் மாற்றிச் சொல்வது அவள் வேலை.

பாலத்தின் நடுவில் ஹால்வரின் கால் ஓர் இரும்பு வளையத்தில் மாட்டியது. குனிந்து பார்த்தார்.

"இது எதுக்குன்னு கேக்குறாரு," என்றாள் எட்லிரா.

"பிடிச்சுக்க," என்றார் ப்ரெங்.

"தரையிலயா?"

"காத்து அடிச்சா குனிஞ்சு பிடிச்சுக்குவோம்."

அது அவர் வீட்டுக் கதவின் வளையம். எட்லிரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் சொன்னதை அப்படியே மாற்றிச் சொன்னாள், ஹால்வரும் தலையாட்டிக்கொண்டார். ஊருக்குள் வந்ததும் வாசல்தோறும் தொங்கிய சிவப்புக் கம்பளங்களைப் பார்த்து அவர் சொக்கிப்போனார். இது தொன்றுதொட்டு வருகிற வழக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றார் ப்ரெங். போட்டோ எடுத்துக்கொண்டார்.

ப்ரெங் வீட்டில் நெருப்புக்குப் பக்கத்தில், வாசலைப் பார்க்கிற உயர்ந்த இடத்தில் ஹால்வரை உட்கார வைத்தார்கள். ஊருக்கே தலையாய கிடாயை அடித்திருந்தார்கள். வெந்த தலை அவர் முன்னால் வந்து அவரையே பார்த்தது. சோள ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, ஊறிய மிளகாய், பிளம் பழத்தில் வடித்த ரக்கிச் சாராயம். அக்டோபர் காற்று கம்பளத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து போயிற்று. ஹால்வர் மேல்கோட்டைக் கழற்றவே இல்லை. ப்ரெங்கின் மனைவி தீலா விறகை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். லீஸா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காபி கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாவது கோப்பைக்குப் பிறகு ஹால்வர் மனம் விட்டுப் பேசினார். எட்லிரா முகம் மாறிப்போய், அதைத் தணிந்த குரலில் சொன்னாள்.

"இவரு இந்த வாரம் மூணு ஊரு பாத்துட்டாரு. ஒரு ஊருக்குத்தான் பாலத்துக்குப் பணம் இருக்கு. மத்த ரெண்டு ஊருலயும் அழுதாங்களாம், கால்ல விழுந்தாங்களாம். இங்கதான் ஜனங்க சொந்தக் கால்ல நிக்கிறாங்க, பாலத்தையும் நல்லா வச்சிருக்காங்க, ரொம்ப சந்தோஷம்ங்கிறாரு. பணத்தை அந்த ரெண்டுல ஒண்ணான கீழ்ப் பள்ளத்தாக்குக்குக் குடுத்துடலாம்னு எழுதப்போறாராம்."

கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் ப்ரெங்கைப் பார்த்தார்கள். ப்ரெங் ஆட்டுத் தலையைப் பார்த்தார்.

"ஐயா, வாயைத் திறந்து கேளுங்க," என்றாள் எட்லிரா. "உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கத்தான் இவரு வந்ததே."

"எங்களுக்கு என்ன குறை? கறி ஆறுது, நல்லா சாப்பிடச் சொல்லும்மா."

"ஐயா!"

"உன் தட்டும் அப்படியே இருக்கு பாரு. நீயும் விருந்தாளிதான்."

எட்லிராவுக்கு ஆத்திரத்தில் காது சிவந்துவிட்டது. அவள் அப்பாவும் மலைக்காரர்தான், ஆகையால் இது என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும். தன் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் ரொட்டியைத் தின்பவனிடம் இந்த மலையில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போட்ட சோற்றுக்குக் கூலி கேட்டது போல. ப்ரெங்கின் தொண்டை வரைக்கும் பாலம் வந்து நின்றது. லீஸா அடுப்பருகே கையை ஊன்றி எழுந்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அதை ரக்கியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, விருந்தாளியின் கோப்பையை மறுபடி நிரப்பினார்.

தீலா வெற்றுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போகிறபோது ப்ரெங்கின் காதருகே குனிந்தாள்.

"உன் மானத்தை நாளைக்கு அவிச்சுத் தர்றேன், தின்னு," என்றாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஹால்வர் விடைபெற்றார். விருந்தாளியை எல்லை வரைக்கும் கொண்டுபோய் விடுவது வழக்கம். ஊரின் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிலுவை செதுக்கிய ஒரு கல். ப்ரெங் தன் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நிகோலும் மற்ற ஆண்களும் பாலத்தின் இக்கரையில் நின்றுகொண்டார்கள். கல் வந்ததும் ப்ரெங் ஹால்வரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கன்னத்தோடும் கன்னம் வைத்தார். வழி நல்லபடியாக இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும் என்று சொல்லவேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். ஹால்வர் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார்.

கல்லைத் தாண்டி முதுகைக் காட்டியவன் விருந்தாளி இல்லை. இதுவும் அதே வழக்கம்தான். ஆனால் இத்தனை காலத்தில் இதனால் பிரயோசனம் உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை. ப்ரெங்குக்கும் அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

"யோவ்! வெளிநாட்டுக்காரா! நில்லுய்யா!"

எட்லிரா திடுக்கிட்டுத் திரும்பினாள். இப்போதுதான் கன்னத்தில் கன்னம் வைத்த மனிதர், முகம் சிவந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஐயா, மரியாதை இல்லாம?"

"இனிமே அவன் என் விருந்தாளி இல்ல. வழிப்போக்கன். வழிப்போக்கன்கிட்ட நான் என்ன வேணா பேசுவேன். திரும்பிப் பாக்கச் சொல்லு." ஆற்றின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். "நிகோலு! கதவெல்லாம் எடுங்கடா!"

ஊர்ப் பக்கத்துக் கரையில் நிகோல் ஒரு கணம் முழித்தான். பிறகு விஷயம் பிடிபட்டது, சிரித்துக்கொண்டே குனிந்தான். வைக்கோல் பறந்தது. ஒவ்வொரு கதவாக நிமிர்ந்து, முதுகில் ஏறி, கரைக்குப் போயிற்று. பச்சை அடித்த கதவு, பூனை நுழைய ஓட்டை வைத்த கதவு, வளையம் வைத்த கதவு. பாலத்தில் கடைசியாக மிஞ்சியது இரண்டு கம்பிவடமும் கட்டைகளும் கீழே தெரிந்த தண்ணீரும்தான்.

தான் நடந்து வந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க ஹால்வரின் முகம் வெளுத்தது. பிறகு எட்லிராவிடம் ஏதோ கேட்டார்.

"கம்பளம் தொங்கவிட்டது வழக்கம் இல்லையான்னு கேக்குறாரு."

"கதவு இல்லாத வீட்டுல வேற என்னத்தத் தொங்கவிடறது? இங்க பாருய்யா. எனக்குப் பாலம் வேணும். என் மருமக புள்ளத்தாச்சி. போன பிப்ரவரியில அந்த நிகோலு குழந்தை அந்தக் கரையிலதான் செத்துச்சு. கீழ்ப் பள்ளத்தாக்குக்காரன் அழுதான்னா, எனக்கு அழத் தெரியாதா? உன் முன்னால அழ முடியல, அவ்வளவுதான்."

இதை ஏன் சாப்பிடும்போதே சொல்லவில்லை என்று ஹால்வர் கேட்டார். இதற்கு எட்லிரா ப்ரெங்கிடம் திரும்பவே இல்லை. தானே பதில் சொல்ல ஆரம்பித்தாள். கையை ஆட்டி ஆட்டி, வெகுநேரம் சொன்னாள். அமைச்சகத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவள் தன் நாட்டைப் பற்றி எத்தனையோ விளக்கியிருப்பாள், இவ்வளவு கோபமாக விளக்கியிருக்கமாட்டாள்.

ஹால்வர் கேமராவை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தார். ப்ரெங் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"இந்தப் பக்கம் வராதய்யா! கல்லைத் தாண்டினா மறுபடி விருந்தாளி ஆயிடுவ. நான் மறுபடி வாயை மூடிக்கணும், அவனுங்க மறுபடி கதவைத் தூக்கிட்டு வரணும். அங்கயே நின்னு எடு."

எட்லிரா சிரித்துவிட்டாள். ஹால்வரும் கல்லுக்கு அப்பால் நின்றே எடுத்தார். போகும்போது எட்லிரா சொன்னாள்: "எழுதிடறேன்னுட்டாரு ஐயா. உங்களுக்குத்தான். வசந்தத்துல பணம் வரும், கோடையில வேலை ஆரம்பிச்சுடும்."

ப்ரெங் கட்டைக்குக் கட்டை தாவிக்கொண்டு ஊருக்கு வந்தார். அந்த வயதில் அப்படித் தாவியிருக்கவேண்டாம், ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வீட்டுக் கதவைத் தோளில் வாங்கிக்கொண்டு போய் வாசலில் சாத்தினார். உள்ளே தீலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். லீஸா நெருப்பருகே கண்ணயர்ந்திருந்தாள்.

"கெடைச்சிடுச்சு தீலா. கேட்டுட்டேன். வாய்விட்டே கேட்டுட்டேன்."

"எப்பக் கட்டுவான்?"

"கோடையில."

தீலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மருமகள் விழித்துவிடக் கூடாதென்று குரலை அடக்கித்தான் பேசினாள்.

"லீஸாவுக்கு பிப்ரவரி."

ப்ரெங் கீலை மாட்டச் சுத்தியலை எடுத்தார்.

"கறி தின்னுட்டுப் போற ஒருத்தன் கால் இடறக் கூடாதுன்னு, ஒரு பொழுதுல ஊரே கதவைக் கழட்டிப் போட்டீங்க. போன பிப்ரவரியில நிகோலு பொண்டாட்டி கரையில கெடந்து கத்துனப்போ இதே கதவெல்லாம் எங்கய்யா இருந்துச்சு? சாத்தித்தானே இருந்துச்சு?"

அவள் உள்ளே போய்விட்டாள். ப்ரெங் கதவின்மேல் கை வைத்தபடி நின்றார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அன்று அந்தப் படுக்கையின் ஒரு காலைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கட்டைகளைப் பார்த்துவிட்டு முடியாது என்று முதலில் சொன்னதும் அவர்தான். அன்று கதவு என்ற ஒன்று யார் நினைவுக்கும் வரவில்லை.

கீலை மாட்டுவதற்காக எடுத்த சுத்தியலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலில் கம்பளத்தை மறுபடி இழுத்துவிட்டார். கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

வழியில் நிகோல் தன் கதவைச் சுமந்துகொண்டு எதிரே வந்தான். ப்ரெங் போகிற திசையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னண்ணே, இன்னொரு விருந்தாளி வர்றானா?"

"ஆமா."

"எந்த நாட்டுக்காரன்?"

"இந்த நாட்டுக்காரன்தான். பிப்ரவரியில வர்றான்."

நிகோல் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. பிறகு கதவை முதுகில் சரிப்படுத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி, ப்ரெங்குக்கு முன்னால் ஆற்றை நோக்கி நடந்தான்.