வெளியார் கட்டணம்

மான் இன்னும் காட்டில்தான் நின்றது. அதற்குள் என் கணவர் கஜீவன் அதைப் பத்துப் பங்காக்கி முடித்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் பண்ணையில் ஆடு வாங்கும்போது வெட்டுவதற்கு முன்பே பங்குக்கு ஆள் சேர்ப்பது வழக்கம். ஆடு பாவம், கட்டிய இடத்தில் நிற்கும். இவர் அதே வழக்கத்தைக் கண்ணால் காணாத மானுக்கும் கொண்டுவந்து, ‘மான் பங்கு’ என்று வட்ஸ்அப்பில் ஒரு குழுவே தொடங்கிவிட்டார். வேட்டை இறைச்சியை விற்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே எல்லாப் பங்கும் இலவசம். இலவசம் என்றதும் ஒரு மணித்தியாலத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர் பின்னந்தொடைதான் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

இவ்வளவையும் இவர் செய்தது கனடாவின் மறுபக்கத்தில், அல்பேர்ட்டா மாகாணத்தில் இருந்துகொண்டு. ஜனவரியில் அங்கே வெல்டிங் வேலைக்குப் போனவர். “ஒரே ஒரு வருசம்” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கம்பனி இன்னும் மூன்று வருடங்களுக்கு இருக்கச்சொல்லிக் கேட்கிறது. நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கதையை இவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகாதீர்கள் என்று கெஞ்சுவது என் குணமில்லை. ஆனால் அவர் அந்த ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிடுவாரோ என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை இரண்டு கிழமை லீவில், ஒன்ராறியோ மாகாணத்தில் பிக்கரிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சூட்கேசைத் திறக்கவில்லை. வேட்டைத் துவக்கைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். திங்கட்கிழமை வேட்டை. லைசென்ஸ் எடுத்துத் தரும் வேலை வழக்கம்போல என் தலையில். மடிக்கணினியைத் திறந்து படிவத்தை வாசித்தேன்.

“கடைசிப் பன்னிரண்டு மாசத்தில ஒன்ராறியோவில தொடர்ந்து ஆறு மாசம் இருந்தனீங்களோ எண்டு கேக்குது.”

“ஓம் எண்டு போடும்.”

“எப்ப இருந்தனீங்கள்?”

“இந்த வீட்டு மோட்கேஜ் கடன் ஆற்ற பேரில கிடக்கு?”

“மோட்கேஜ் மான் சுடப் போகேல்லை.”

‘இல்லை’ என்று போட்டுப் பார்த்தேன். கட்டணம் ஒரே பாய்ச்சலில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. வெளியாருக்கான விலை. மூன்று சதம் குறைவு என்பதற்காக பக்கத்து நகரமான ஏஜாக்ஸ் வரை போய்ப் பெற்றோல் அடிக்கிற மனிதர். திரையைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

“நான் வெளியாளோ? போன வருசம் இதே மானை உள்ளூர் விலைக்குத்தானே சுட்டனான்! நீர் சும்மா ஓம் எண்டு போடும் சாம்பவி, ஆர் பாக்கப் போகினம்?”

நான் மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஊரார் எழுதித் தரும் பொய்களைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்து நானே ஒன்றை எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். இவருக்குக் கோபம் வந்து, லைசென்ஸ் விசாரணை இலக்கத்துக்குப் போன் எடுத்தார். நியாயம் எங்கள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பக்கம் ஒரு பெண். குரலில் அவ்வளவு மரியாதை. சாரதிப் பத்திரம் எந்த மாகாணம் என்று கேட்டாள். அல்பேர்ட்டா. ஹெல்த் கார்ட்? அதுவும் அல்பேர்ட்டா. படுத்து எழும்புவது? இவர் கொஞ்சம் இழுத்து, அதுவும் அங்கேதான் என்றார். “அப்ப பிக்கரிங்கில யார் சேர்?” என்று கேட்டாள். மனைவியும் மகளும் என்றார். “ஓ, நல்லது. என்ஜோய் யுவர் விசிட்!” என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள்.

எங்கள் மகள் சுபாங்கிக்குப் பன்னிரண்டு வயது. பாலில் ஊறிய சீரியலை மென்றபடி, “டெக்னிக்கலி ஷீ இஸ் ரைட், அப்பா” என்றாள்.

இவர் கடனட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். முழுக் கட்டணமும் கட்டினேன். பிறகு, சும்மா ஒரு கெட்ட குணத்தில், அந்த ரசீதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வெளியார் என்று அச்சடித்திருந்த இடம் கண் மட்டத்துக்கு வரும்படி பார்த்துத்தான் ஒட்டினேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் பாலை எடுக்காமலே திரும்பினார். ஒட்டியதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

திங்கள் விடிய, வோபர்னில் இருக்கும் சூசைதாசன் அண்ணை வேனோடு வந்து இவரை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். இருவரும் பழைய வேட்டைக் கூட்டாளிகள்.

வியாழன் பின்னேரம் வேன் திரும்பி வந்தது. இவர் சாமான் இறக்கிக்கொண்டிருக்க, அண்ணை மட்டும் கோபத்தில் புசுபுசுவென்று உள்ளே வந்தார்.

“தங்கச்சி, இனி உன்ர மனுசனை என்னோட அனுப்பாதை!”

“என்னண்ணை நடந்தது?”

“மூண்டு நாள் குளிருக்குள்ள கிடந்து, கடைசியா ஒரு கொம்பன் மான் வந்தது. நல்ல கொழுத்தது. நேரா இவன் ஏறியிருந்த மரத்தடிக்குத்தான் வந்தது. இந்தா சுடுறான், இந்தா சுடுறான் எண்டு நான் பாத்துக்கொண்டு இருக்கிறன். உவன் போனில கதைச்சுக்கொண்டு இருக்கிறான்!”

“மரத்திலயோ?”

“அதில மட்டும்தான் சிக்னலாம். ஆரோ அல்பேர்ட்டாக் கம்பனிக்காரன் எடுத்து, மூண்டு வருசத்துக்கு என்ன பதில் எண்டு கேட்டவனாம். முதல் குசுகுசுத்தான். பிறகு காடு அதிரக் கத்தினான். மான் பாஞ்ச பாய்ச்சலுக்கு இப்ப ஒட்டாவாவில நிக்கும்.”

“என்னெண்டு கத்தினவர்?”

“ஐ லிவ் இன் பிக்கரிங் எண்டு. ரெண்டு தரம்! உதைச் சொல்லவோ மரத்தில ஏறினவன்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்படி ஒரு சந்தோசம் இந்த வருடத்தில் எனக்கு வந்ததில்லை. அண்ணைக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் குசினிக்குள் போய், ஃப்ரிட்ஜில் இருந்த ரசீதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். மான் பங்குக் குழுவுக்கு இனி ஆட்டிறைச்சிதான். பின்னந்தொடைக்காரரை எப்படியும் சமாளிக்கலாம்.

இவர் வெறும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். சப்பாத்தெல்லாம் சேறு. உள்ளே வரலாமா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

“வாங்கோ எண்டு ஒருக்காச் சொல்லுமன்.”

“அது விசிட் வாற ஆக்களுக்குச் சொல்லுறது,” என்றேன். “நாளைக்குக் குப்பை எடுக்கிற நாள். உந்தச் சப்பாத்தைக் கழட்ட முதல், ரெண்டு குப்பை வாளியையும் இழுத்துக்கொண்டு போய் ரோட்டில வையுங்கோ.”